பரோட்டாவுக்குப் பதில் உண்டு, நமக்கு?

பெங்களூரில் ஓர் உணவுக் கம்பெனி. கோதுமைப் பரோட்டா, மலபார் பரோட்டா என்று செய்து பொட்டலம் கட்டி விற்கிறது. வாங்கியவர்கள் வீட்டில் கல்லில் போட்டுச் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். அந்தக் கம்பெனி சர்க்காரிடம் ஒரு கேள்வி கேட்டது. சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். எங்கள் பரோட்டாவும் அந்த இனத்தில் சேருமா, சேராதா? 2020-ஆம் ஆண்டு கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் எழுத்து மூலம் பதில் சொன்னது. சேராது, 18 சதவீதம் கட்ட வேண்டும் என்பது பதில்.

நாடே சிரித்தது. பரோட்டா ரொட்டியா இல்லையா என்று ஆராய ஓர் ஆணையமா என்று கேலி பேசினார்கள். நாமும் சிரித்தோம். நம்மில் எத்தனை பேர் பரோட்டா மாஸ்டர்கள்! விடியற்காலை மாவு பிசைந்து, நள்ளிரவில் கல்லைக் கழுவிப் படுக்கிறவர்கள் நாம். பரோட்டாவின் ஜாதி என்ன என்று நம்மிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்போம்.

ஆனால், தோழர்களே, சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அந்தப் பதில் பிடிக்காத பதிலாக இருக்கலாம். தவறான பதிலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அது பதில். தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பதில். கையில் எழுத்து இருந்தால் அதை எதிர்த்து வழக்காட முடியும். கேரளத்தில் இதே கேள்வியை எழுப்பிய வேறொரு நிறுவனம் உயர்நீதிமன்றம் வரை போனது. 5 சதவீதம்தான் என்று 2024-இல் அங்கே ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். கடைசியில், 2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டாவுக்கு வரியே கிடையாது என்று ஆயிற்று.

பரோட்டாவுக்குப் பதில் கிடைத்தது. பரோட்டா போடுகிறவன் தன் குடிசையைப் பற்றி, ரேஷனைப் பற்றி, பிள்ளையின் சான்றிதழைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைக்கிறதா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூன்று ஜன்னல், மூன்று பதில்

என் கதையையே சொல்கிறேன். என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து பஞ்சாலையில் வேலை பார்த்தவர். நாங்கள் இருக்கும் ஜோப்படா அவர் போட்டது. 1995-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் மராத்தியில் எழுதியவர் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். தகப்பனார் காலமாகிவிட்டார். கரண்ட் பில் அம்மா பெயரில் வருகிறது. ரேஷன் கார்டு என் பெயரில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் குடிசைவாசியின் தலைவிதி ஒரு தேதியில் தொங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததாகச் சான்று காட்டினால் இலவச மாற்று வீட்டுக்கு உரியவன், அதாவது 'பாத்ர்'. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை என்றால் விலை கொடுத்து வாங்க வேண்டும். அதற்கும் பிறகு என்றால் 'அபாத்ர்'. இந்தத் தேதியும் ஒரே நாளில் வந்ததல்ல. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கொடுத்து, 1976 கணக்கெடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். தகப்பனார் பெயரில், எழுத்துப் பிழையோடு இருக்கிற அந்த வாக்காளர் பட்டியல் என் குடும்பத்துக்குச் செல்லுமா, செல்லாதா? ஓர் அலுவலகத்துக்குப் போனேன். முதல் ஜன்னலில் இருந்தவர், செல்லும், போய் நிம்மதியாக இரு என்றார். இரண்டாவது ஜன்னலில், வாரிசுச் சான்று இல்லாமல் செல்லாது என்றார்கள். மூன்றாவது ஜன்னலில், பட்டியல் போடும்போது பார்க்கலாம், இப்போது எதற்கு வந்தாய் என்று திருப்பி அனுப்பினார்கள். எழுத்தில் கொடுங்கள் ஐயா என்று கேட்டேன். குமாஸ்தா சிரித்தார். அரை நாள் கூலி போயிற்று. வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

வாசலில் ஓர் ஏஜெண்ட் நின்றிருந்தார். அவரிடம் பதில் இருந்தது. அதற்கு விலையும் இருந்தது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். ஏஜெண்ட் விற்பது வீட்டையல்ல, நிலத்தையும் அல்ல. சர்க்கார் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு பதிலைத்தான் அவர் விற்கிறார். அலுவலகம் வாய் திறக்காத வரைக்கும் அவர் கடைக்கு வியாபாரம் நடக்கும். நம்முடைய சந்தேகம்தான் அவருடைய முதல்.

கட்டடக்காரர் வந்து, திட்டம் போட்டு, 'அனெக்ஸர் இரண்டு' என்கிற பட்டியல் ஒட்டப்படும் நாளில்தான் நாம் பாத்ரா, அபாத்ரா என்பது நமக்கே தெரிகிறது. அதற்குள் பிழை திருத்த நேரம் இல்லை. பழைய ஆவணம் தேட நேரம் இல்லை. ஊருக்குப் போய்ச் சான்று வாங்கி வர விடுமுறையும் இல்லை. 2024 மார்ச்சில் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியபோது, நம் மக்கள் இரும்புப் பெட்டியைத் திறந்து மங்கிப்போன காகிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, எதற்காக? முப்பது நாற்பது வருஷமாகக் குடியிருந்தும், இது போதுமா என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அதற்காகத்தான்.

பணக்காரன் கேட்டால் பதில் கட்டாயம்

முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது புதிய யோசனை அல்ல. நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வருமான வரிக்காக 1993-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக முன்தீர்ப்பு ஆணையம் ஏற்படுத்தினார்கள். முதலில் யாருக்காக? வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்காக! இங்கே பணம் போட்டால் எவ்வளவு வரி என்று அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமாம். தெரியாவிட்டால் முதலீடு வராதாம். நியாயம்தான்.

பிறகு 2017-இல் ஜி.எஸ்.டி. சட்டம் வந்தபோது வியாபாரிகளுக்கும் அந்த வசதி வந்தது. மத்தியச் சட்டத்தின் கீழ் 5,000 ரூபாய், மாநிலச் சட்டத்தின் கீழ் 5,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கேட்டவரையும் கட்டுப்படுத்தும். அவர் விஷயத்தில் வரி அதிகாரியையும் கட்டுப்படுத்தும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று அதிகாரி பேச முடியாது. பிடிக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு.

அமெரிக்காவில் இதை இன்னும் விரிவாக வைத்திருக்கிறார்கள். 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, மத்திய அரசின் எந்தத் துறையும் ஒரு தகராறைத் தீர்ப்பதற்கோ சந்தேகத்தைப் போக்குவதற்கோ 'விளம்புகை ஆணை' பிறப்பிக்கலாம். இன்ன நிலைமையில் இன்ன சட்டம் இப்படித்தான் பொருந்தும் என்று உரக்கச் சொல்லும் ஆணை அது. அபராதம் போடாது, யாரையும் வெளியேற்றாது, சொல்லும், அவ்வளவுதான். ஆனாலும் மற்ற ஆணைகளுக்கு உள்ள அதே பலம் அதற்கும் உண்டு. தவறு என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பதில் தருவதும் தராததும் துறையின் விருப்பம். பல துறைகள் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதால், இன்னும் அதிகமாகப் பயன்படுத்துங்கள் என்று அந்நாட்டு நிர்வாக ஆலோசனை அமைப்பே 2015-இல் பரிந்துரை செய்தது. நாம் சட்டம் கேட்கும்போது அந்த ஓட்டையையும் சேர்த்து வாங்கிவந்துவிடக் கூடாது.

கோர்ட் இருக்கிறதே என்பார்கள்

1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் 34-ஆவது பிரிவு இருக்கிறது. எனக்கு இன்ன உரிமை உண்டு என்று விளம்பச் சொல்லிச் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். ஆனால் சர்க்கார்மீது வழக்கு என்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் எதற்கு? சர்க்கார் யோசித்துப் பதில் சொல்லி, வழக்கே வராமல் தடுப்பதற்கு. நடப்பது என்ன? சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. பெரும்பாலான நோட்டீஸுகளுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பலாக வருகிறது என்று சொல்லி, பதில் அனுப்புவதற்கென்று ஒவ்வோர் அரசும் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் சேலத்துக்காரர்கள் வாங்கித் தந்த உத்தரவு. இன்றைக்கு எத்தனை அலுவலகத்தில் அந்த அதிகாரி யார் என்று சொல்வார்கள்?

குடிசை விவகாரத்தில் அந்தக் கதவும் பாதி மூடியிருக்கிறது. மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம், அதிகாரி முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் சிவில் கோர்ட்டை ஒதுக்கி வைத்திருக்கிறது. கோர்ட் கேட்கக் கூடாது என்றால் அதிகாரியாவது கேட்ட நேரத்தில் சொல்ல வேண்டுமல்லவா?

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது நமக்கு நல்ல ஆயுதம். பத்து ரூபாய்க்குக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் அது ஃபைலில் இருப்பதைத்தான் தரும். அதிகாரி தன் கருத்தைச் சொல்ல வேண்டிய கடமை அந்தச் சட்டத்தில் இல்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் தகப்பனார் பெயரில் உள்ள சான்று செல்லுமா என்று கேட்டால், நீ கேட்பது தகவல் அல்ல, கருத்து என்று திருப்பி அனுப்பலாம்.

குறித்த நாளுக்குள் சேவை தர வேண்டும் என்ற சட்டங்களும் இருக்கின்றன. கர்நாடகத்திலும் டில்லியிலும் 2011-இல் வந்தது. மகாராஷ்டிரத்தில் 2015-இல் வந்தது. ஆனால் அவை பட்டியலிட்ட சேவைகளுக்குத்தான். "எனக்கு உரிமை உண்டா, சொல்" என்று கேட்பதை ஒரு சேவையாக எண்ணும் வழக்கம் இன்னும் வரவில்லை.

ஆக, 1993-இல் வெளிநாட்டுக்காரனுக்குக் கிடைத்தது, 2017-இல் வியாபாரிக்குக் கிடைத்தது, இன்றுவரை உழைப்பவனுக்குக் கிடைக்கவில்லை.

சேலத்துத் தொழிலாளி

நம் இளைய தலைமுறைக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1981 ஜூலையில் பம்பாய் நடைபாதைக் குடிசைகளைப் பிரித்தெறிந்து, குடியிருந்தவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவோம் என்று அன்றைய மாநில அரசு கிளம்பியது. மழைக்காலம். சேலத்திலிருந்து 1961-இல் பிழைக்க வந்த ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளி. விலே பார்லே பக்கம் பிளாஸ்டிக் கூரையின் கீழ் குடும்பத்தோடு இருந்தார். காலையில் வந்து குடிசையைப் பிரித்தார்கள். குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடி வந்தார். ஏன் வந்தார்? ஊரில் வேலை இல்லை. மறுபடியும் நடைபாதை. அவரும் மனுதாரராகச் சேர்ந்து நடந்த வழக்குதான் ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று இன்று சட்டக் கல்லூரியில் பாடமாக இருக்கிறது.

1985 ஜூலை 10-இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிழைக்கும் வழியைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்றார்கள். நடைபாதையில் குடியிருக்க உரிமை உண்டு என்று சொல்லவில்லை. ஆனால், முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றார்கள். 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றார்கள்.

அந்தத் தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது. கையில் அட்டை இருந்தவனுக்கு இடம் உண்டு. இல்லாதவனுக்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் உண்டு. ஒரு துண்டுக் காகிதம் இரண்டு குடும்பத்தைப் பிரித்துவைத்தது. அந்தக் காகிதம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை இடிக்கிற நாளில் சொல்வதா, அதற்கு முன்னால் சொல்வதா?

பிள்ளைகள் விஷயமும் இதேதான். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ள குடும்பம் வேறு மாநிலத்துக்குப் பிழைக்கப் போனால், அந்த மாநிலத்தின் இடஒதுக்கீடு அதற்குக் கிடைக்காது என்று 1990-இலும் 1994-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நியாயமா என்பது வேறு விவாதம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது எப்போது தெரிகிறது? கல்லூரி ஜன்னலில், கடைசித் தேதியன்று! முன்னாலேயே எழுத்தில் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை ஊரிலும் மத்திய அரசு இடங்களுக்கும் காலத்தோடு விண்ணப்பித்திருக்கும். ஒரு வருஷம் வீணாகியிருக்காது.

தூங்குகிற புலியை இடறலாமா?

நம் சங்கத்திலேயே சில பெரியவர்கள் கேட்கிறார்கள். "தம்பி, கேட்காமல் இருந்தால் பத்து வருஷம் இப்படியே ஓடும். எழுதிக் கேட்டு, 'உனக்கு உரிமை இல்லை' என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டால் என்ன செய்வாய்?"

இது கோழைத்தனமான கேள்வி அல்ல. பட்ட அனுபவத்திலிருந்து வரும் கேள்வி. 2012-இல் ஜோப்படா வாங்கிய குடும்பம் எழுதிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கும் தெரியும். அவர்களைப் போய்க் கேளுங்கள் என்று நான் தூண்டமாட்டேன். அதனால்தான் நாம் கேட்கும் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும். கேள்வி கேட்ட காரணத்துக்காக ஒருவரை வெளியேற்றக் கூடாது. மனுவில் எழுதியதை அவருக்கே எதிரான சாட்சியாக்கக் கூடாது. மேல்முறையீடு முடியும்வரை கூரையில் கை வைக்கக் கூடாது.

ஆனால் பெரியவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். என்னைப் போல் சான்று இருந்தும் பிழை உள்ளவர்கள் நம்மில் அநேகம். பெயரில் ஓர் எழுத்து, வயதில் ஒரு வருஷம், கதவு எண்ணில் ஒரு மாற்றம். இவர்களுக்கு மௌனம்தான் விஷம். இன்று கேட்டால் திருத்தலாம். பட்டியல் ஒட்டிய பிறகு கேட்டால் அழத்தான் முடியும். புலி தூங்கவில்லை, ஐயா. கட்டடக்காரர் வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறது.

அதிகாரிகள் தரப்பில் வரும் ஆட்சேபம் வேறு. லட்சக்கணக்கில் மனு வந்தால் யார் பதில் எழுதுவது என்பார்கள். இப்போதும் அதே லட்சம் பேர்தான் அதே ஜன்னலுக்குப் பத்துத் தடவை வருகிறார்கள். ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் ஒன்பது தடவை மிச்சம். ஒரு சாலில் ஒருவருக்கு வந்த பதிலைப் பார்த்தே நாற்பது பேர் தெளிவு பெறுவார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உள்ள வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

ஒன்று: வாயால் கேட்பதை நிறுத்துங்கள். ஒரே தாளில், ஒரே கேள்வியை, மனுவாக எழுதுங்கள். உங்கள் நிலைமை, கையில் உள்ள சான்றுகள், கேள்வி. கடைசியில், "காரணத்தோடு எழுத்து மூலம் முடிவு தரவும்" என்று ஒரு வரி. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் தமிழிலேயே எழுதலாம். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

இரண்டு: பதில் வராவிட்டால், என் மனுமீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, எந்த அதிகாரியிடம் இருக்கிறது, எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இவை ஃபைலில் உள்ளவை; கருத்து என்று தள்ள முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே கூறுகிறது.

மூன்று: பதில் வந்தால் பத்திரமாக வையுங்கள். சர்க்கார் ஓர் ஆணையில் எழுதிய காரணம்தான் காரணம். பிறகு கோர்ட்டில் வந்து புதுக் காரணம் ஜோடிக்க முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி.

நான்கு: எதுவுமே வராவிட்டால், மனுவை முடிவு செய்யும்படி உத்தரவிடக் கோரி உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு.

நம் கோரிக்கை

வீடு, ரேஷன், பென்ஷன், சான்றிதழ் ஆகியவற்றில் தனக்கு உரிமை உண்டா என்று எந்தக் குடிமகனும் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம் என்று மாநிலச் சட்டசபை சட்டம் செய்ய வேண்டும். 90 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் கட்டணம் கூடாது. தந்த பதில் அலுவலகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். மேல்முறையீடு வேண்டும். கேட்டவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். வியாபாரிக்கு ஏற்கெனவே கொடுத்திருப்பதில் பெரும்பகுதி இதுதான். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு நம் சந்துக்குள் வருகிறவர்கள் தமிழில் வணக்கம் சொல்வார்கள். வீடு தருகிறேன் என்பார்கள். அவர்களிடம் வீடு கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லும் சட்டத்துக்குக் கை தூக்குவீர்களா?"

இந்த நகரத்தின் ஆலையை ஓட்டியவர்கள் நாம். தோலைப் பதனிட்டவர்கள் நாம். காலையில் இந்த நகரம் தின்னும் இட்லியை அவித்தவர்கள் நாம். யாசகம் கேட்கவில்லை, பதில் கேட்கிறோம். எழுதிக் கேட்போம். எழுத்தில் வாங்குவோம்.